நீள வண்டியும் மஞ்சள் கோடும்

எங்கள் தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. நாங்கள் தயாரிக்கும் காரை வைத்திருப்பவர் கேட்டுக்கு உள்ளே, தகரக் கூரையின் நிழலில் நிறுத்தலாம். வேறு கம்பெனிக் காரில் வருபவர் வெளியே சர்வீஸ் ரோட்டில், கருவேல முள்ளுக்கும் கண்டெய்னர் லாரிகளுக்கும் நடுவில், வெயிலில் விட்டுவிட்டு நடந்து வர வேண்டும். நான் எட்டு வருடமாக வெளியேதான் நிறுத்துகிறேன். அதில் எனக்குத் துளியும் வருத்தம் இருந்ததில்லை. உள்ளே நிழலில் நிற்கும் கார்களைப் பரிசோதித்து அனுப்புகிறவன் நான். அவற்றின் லட்சணம் எனக்குத் தெரியும்.

என்னுடையது பழைய டீசல் ஸ்டேஷன் வேகன். முன்பாதி சாதாரணக் கார். பின்பாதியில் கூரை கீழே இறங்காமல் நேராகக் கடைசிவரை ஓடி ஒரு பெரிய கதவில் முடியும். பின் சீட்டை மடக்கினால் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். செய்த கம்பெனி அந்த மாடலை எப்போதோ நிறுத்திவிட்டது. நம் ஆட்களுக்கு நீளமான வண்டி ஆகாது, உயரமான வண்டிதான் வேண்டும். உயரமாக உட்கார்ந்தால் ஆளும் உயர்ந்துவிட்டதாக ஒரு நினைப்பு.

கேன்டீனில் என் வண்டிக்கு ‘பொண வண்டி’ என்று பெயர். வைத்தவர் என் லைனின் சூப்பர்வைசர். அவர் புதிதாகச் சன்ரூஃப் வைத்த கார் வாங்கியிருந்தார். ஸ்ரீபெரும்புதூர் வெயிலில் கூரையைத் திறந்துகொண்டு போகும் மனிதனை நான் இதுவரை பார்த்ததில்லை. எல்லோரும் உள்ளே துணி போட்டு அதை மூடித்தான் வைத்திருக்கிறார்கள். மூடி வைப்பதற்காக ஓர் ஓட்டையை விலை கொடுத்து வாங்கியவர்கள் என் வண்டியைப் பார்த்துச் சிரித்தார்கள். வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிந்து, தகுதிச் சான்று வாங்க நான் எஃப்சிக்குப் போனபோது, இரும்புக் கடையில் போடச் சொல்லி ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். வண்டி முதல் தடவையிலேயே பாஸானது. மறுநாள் கேன்டீனில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

நானும் வண்டியை மேம்படுத்திக்கொண்டே இருந்தேன், ஆனால் அவர்களைப் போல அல்ல. நெடுஞ்சாலை ஓரத்து அலங்காரக் கடைக்காரர்கள் நீல விளக்கும் லாரி ஹாரனும் மாட்டச் சொல்லிக் கையைப் பிடித்து இழுப்பார்கள். நான் டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயை மாற்றினேன், இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வைத்தேன், ஆடிக்கொண்டிருந்த இன்ஜின் மவுன்டிங்கை மாற்றினேன். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெரியாததுதான் வேலை என்பது என் கொள்கை. இதை யாரும் கேட்காமலேயே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்போது மஞ்சள் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். லைனில் ஒரு நட்டை, குறித்த இறுக்கம் வந்ததும் ‘க்ளிக்’ என்னும் டார்க் ரெஞ்சால் முடுக்கியதும், மஞ்சள் பெயின்ட் மார்க்கரால் நட்டின் மீதிருந்து அடித்தகடு வரை ஒரு சின்னக் கோடு போடுவோம். கோடு இருந்தால் நட்டு முடுக்கப்பட்டது என்று அர்த்தம். அடுத்து வருகிறவன் நட்டைத் தொட மாட்டான், கோட்டை மட்டும் பார்ப்பான். முதலில் டைட், பிறகு கோடு. இவ்வளவுதான் விதி. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் எண்ணிக்கை குறையும்போது சிலர் முதலில் வரிசையாகக் கோடு போட்டுவிட்டு, பிறகு வரிசையாக முடுக்குவார்கள். அவர்களைப் பிடிப்பதுதான் என் வேலை, அதை நான் விரும்பியே செய்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு அப்படி ஒருவர் சிக்கினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கான்ட்ராக்ட் ஆள், என் வயதுதான் இருக்கும். அவர் கோடு போட்ட ஒரு நட்டு என் விரலுக்கே சுழன்றது. மறுநாள் காலைக் கூட்டத்தில், அறுபது பேருக்கு முன்னால், அந்த நட்டை அவர் உள்ளங்கையில் வைத்து நிற்கவைத்தேன். ஏன் இப்படி என்று கேட்டேன்.

“மார்க் போட்டிருக்கேம்லா சார், அப்ப டைட் வச்சிருப்பேன்” என்றார்.

நான் சிரித்தேன். நான் சிரித்ததும் அறுபது பேரும் சிரித்தார்கள். அடுத்த நாளிலிருந்து அவர் வரவில்லை. நின்றாரா நிறுத்தினார்களா என்று நான் விசாரிக்கவில்லை. அந்த வாக்கியம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. அதே தென்பாண்டி இழுப்போடு வீட்டில் சொல்லிக் காட்டுவேன். சொந்தக்காரர்கள் வந்தால் கட்டாயம் ஒருமுறை சொல்வேன். என் மனைவி முதல் தடவை சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை. அவளுக்கு நகைச்சுவை குறைவு என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் அவள் ஸ்கூட்டரோடு சர்வீஸ் ரோட்டுப் பள்ளத்தில் விழுந்தாள். இடுப்புக்குச் சற்று மேலே முதுகெலும்பில் அறுவை சிகிச்சை. வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தண்டலம் ஆஸ்பத்திரிக்கு வாரம் இரண்டு முறை நடைப் பயிற்சிக்குப் போக வேண்டும். உட்கார்ந்து வரக்கூடாது, படுத்துத்தான் வர வேண்டும் என்றார் டாக்டர். முதல் முறை ஆம்புலன்ஸில் போனோம். வழியில் டீக்கடையில் நின்றவர்கள் நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டதைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டாள். இனி உயிரோடு அதில் ஏற மாட்டேன் என்றாள்.

ஆக, பொண வண்டிதான் உயிரோடு இருப்பவளைக் கொண்டுபோனது. பின் சீட்டை மடக்கி இலவம்பஞ்சு மெத்தை போட்டேன். பெரிய பக்கக் கண்ணாடி வழியே அவள் மின்கம்பிகளையும் கம்பெனிப் பலகைகளின் மேல்பாதியையும் பார்த்துக்கொண்டு வந்தாள். சன்ரூஃப் சூப்பர்வைசரின் காரில் அவளைச் சுருட்டித்தான் வைக்க முடியும் என்று சொல்லி அவளைச் சிரிக்கவும் வைத்தேன். ஆனால் பின்பக்க ஷாக் அப்சார்பர்கள் செத்திருந்தன. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவளிடமிருந்து ஒரு சத்தம் வரும். கத்தல் அல்ல, பல்லுக்குள் நசுக்கிய சத்தம். மூன்றாவது வாரம் அவள் வர மறுத்தாள். வலியோடு போய், வலியோடு திரும்பி, பிறகு இரண்டு நாள் அந்த வலியிலேயே கிடப்பதைவிட நடக்காமலே இருந்துவிடலாம் என்றாள். பயிற்சியை விட்டால் இடது கால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். பதினைந்து நாள் கொடு, சாலையே தெரியாதபடி வண்டியை மாற்றிக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் ஒரு மெக்கானிக் ஷெட் இருக்கிறது. முதலில் அங்கே போனேன். மெக்கானிக் பின் பம்பர் மீது ஒரு காலை வைத்து அமுக்கினார், வண்டி மூன்று முறை ஆடியது, ஷாக் போய்விட்டது என்றார். அது எனக்கே தெரியும். பக்கத்தில் நின்ற ஆட்டோவுக்கு அவர் நட்டு முடுக்கிய விதத்தைப் பார்த்தேன். ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி, மூச்சைப் பிடித்து இழுத்து, போதும் என்று தோன்றிய இடத்தில் விட்டுவிட்டார். அளவு என்ன என்று கேட்டேன். கை சொல்லும் என்றார். கை சொல்லுமாம். உலகம் முழுவதும் அளவு வைத்து ஓடுகிறது, இங்கே மட்டும் கை பேசுகிறது. அவருக்கு டார்க் ரெஞ்ச் பற்றி ஒரு சிறு சொற்பொழிவு நடத்திவிட்டு, வண்டியை அங்கே விடாமல் திரும்பினேன்.

நல்ல ஷாக்குகளும் ஸ்பிரிங்குகளும் வரவழைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் நானே வண்டியைத் தூக்கி நிறுத்தினேன். பின்பக்க ஷாக்கின் கீழ் நட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. வண்டி தூக்கி நிற்கும்போது அதைக் கையால் மட்டும் ஏற்ற வேண்டும். வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் முழுதாக முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். ஆனால் இறக்கிய பிறகு கீழே தலையை நுழைத்துக் கோடு போடுவது சிரமம். அதனால் தூக்கி நிற்கும்போதே இரண்டு பக்கமும் மஞ்சள் கோட்டைப் போட்டு வைத்தேன். நான் யார், எனக்குத் தெரியாதா என்ன?

இறக்கினேன். இடது பக்கத்தை முடுக்கினேன், ரெஞ்ச் ‘க்ளிக்’ என்றது. வலது பக்கத்துக்கு நகர்ந்தபோது என் சித்தப்பா மகன் வந்து நின்றான். நிலத்தைக் கம்பெனிக்கு விற்று, வெள்ளை நிறத்தில் லாரிக்கு இணையான ஒரு காரை வாங்கி, அதைத் தெருமுனைக் கடைவரை ஓட்டிப் பால் பாக்கெட் வாங்கி வருபவன். இந்தக் குப்பையை இன்னும் விடவில்லையா என்று கேட்டான். நான் எழுந்துகொண்டேன். ரெஞ்சைக் கையில் பிடித்தபடி அவன் காரின் எடை, அதன் மைலேஜ், அதில் அவன் ஏற்றும் பாரம் ஒன்றரை லிட்டர் பால் என்பது வரை விளக்கினேன். அரைமணி நேரம் நன்றாகவே பேசினேன். அவன் முகம் தொங்கிப் போனதைப் பார்த்து மனம் நிறைந்தது. அவன் போனதும் குனிந்து பார்த்தேன். வலது பக்க நட்டில் மஞ்சள் கோடு அழகாக இருந்தது. சாமான்களை எடுத்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

செவ்வாய்க்கிழமை அவளைப் படுக்கவைத்துக் கிளம்பினோம். முருகன் கோயிலுக்கு வந்த கூட்டத்தால் முதல் அரை கிலோமீட்டர் ஊர்ந்தோம். முதல் வேகத்தடையில் சத்தம் வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன், அவள் ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு பார்வை எனக்குக் கிடைத்ததில்லை. நான் பெருமையில் ஊதிப்போய் ஓட்டினேன். கொஞ்ச தூரத்தில் அவள் சொன்னாள்.

“ஏங்க, என் இடுப்பாண்ட கீழ டக்கு டக்குன்னு ஏதோ அடிக்குது.”

புது ஸ்பிரிங் உட்காரும் சத்தம் என்றேன். அடுத்த பள்ளத்தில் மறுபடி சொன்னாள். பெண்களுக்கு வண்டியில் எதுவுமே சத்தமாகத்தான் கேட்கும் என்று எரிச்சலோடு ஓரம் கட்டினேன். இறங்கி, சட்டை அழுக்காகாமல் குனிந்து பார்த்தேன். மஞ்சள் கோடு நட்டிலிருந்து தகடு வரை முறியாமல் நேராக இருந்தது. கோடு நேராக இருந்தால் நட்டு நகரவில்லை. திரும்பி ஏறிக் கதவைச் சாத்தினேன்.

“நான் மார்க் போட்டிருக்கேன். அப்ப டைட் பண்ணியிருக்கேன்னுதானே அர்த்தம்?” என்றேன்.

அவள் கண்ணாடியில் என்னையே பார்த்தாள். என்ன சொன்னேன் என்று நான் கவனிக்கவில்லை.

அடுத்த வேகத்தடையில் இரும்பு மீது இரும்பு விழுந்தது போல ஓர் அடி. கூடவே அந்தப் பழைய சத்தம், பல்லுக்குள் நசுங்கியது. அதற்குப் பிறகு அவள் மூச்சு சீராக இல்லை. கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. நான் பயந்துவிட்டேன். முன்னால் தெரிந்தது அந்த மெக்கானிக் ஷெட்தான். வேறு வழியில்லை.

மெக்கானிக் பின்னால் படுத்திருந்தவளைப் பார்த்தார். வண்டியைத் தூக்க வேண்டாம் என்று அவரே முடிவு செய்து, தரையில் அட்டையைப் போட்டு அடியில் நுழைந்தார். நான் பக்கத்தில் மண்டியிட்டேன். வலது பக்க நட்டை அவர் இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினார். அது சுழன்றது. மஞ்சள் கோடு இரண்டாக உடைந்து, ஒரு துண்டு நட்டோடு சுற்றி வந்தது. நான் முடுக்கியிருந்தால் அது ஞாயிற்றுக்கிழமையே உடைந்திருக்க வேண்டும்.

“இன்னா சார், பெயின்ட்டு அடிச்சா நட்டு டைட்டாயிடுமா?” என்றார்.

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு அது புரியவில்லை. ஏதோ புது முறை போல என்று நினைத்துக் கேட்டார். கிண்டலாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஸ்பேனரையும் இரும்புக் குழாயையும் எடுத்தார். மூச்சைப் பிடித்து இழுத்தார், கை சொன்ன இடத்தில் நிறுத்தினார். ஒரு துணியை டீசலில் நனைத்து என் கோட்டைத் துடைத்தும் விட்டார், பார்க்க அசிங்கமாக இருந்ததாம்.

வண்டியை எடுத்தேன். ஷெட்டைத் தாண்டியதும் ஒரு பெரிய வேகத்தடை. மெதுவாக ஏற்றி இறக்கினேன். சத்தமும் இல்லை, அடியும் இல்லை, வண்டி தண்ணீரில் போவது போலப் போனது. அவளிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். வார்த்தை எனக்குப் பழக்கமில்லாததால் தாமதமானது. அதற்குள் அவள் பேசினாள்.

“அன்னிக்கு நிக்க வச்சீங்களே, அவரு பேரு இன்னா?”

யாரை என்று நான் கேட்கவில்லை. மூன்று வருடமாக அவர் குரலில் பேசி எல்லோரையும் சிரிக்கவைத்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தேன். குறை எழுதும் அறிக்கையில் பெயருக்கு இடமில்லை, தொழிலாளியின் டோக்கன் நம்பரைத்தான் எழுதுவோம். அந்த ஐந்து இலக்கமும் அப்படியே நினைவில் இருந்தன.

“தெரியாது” என்றேன்.

கண்ணாடியில் பார்த்தபோது, அவள் கண்ணை மூடிக்கொண்டு, வலது கையை மெத்தைக்கு வெளியே நீட்டி, அந்த நட்டுக்கு நேர் மேலே வண்டியின் தரையை அழுத்திப் பிடித்திருந்தாள். தண்டலம் வரை அந்தக் கையை எடுக்கவில்லை.