பலேடியமும் பாண்டிருப்பு அக்காவும்

நோன்புக் கஞ்சியில் ரம்பை இலை வேகும் வாசம் எங்கிருந்து வந்தாலும் போதும், போன வருட நோன்பு மாதத்தில், ஒலுவிலில் கடலுக்குக் கிட்டிய ஓர் ஆய்வுகூடத்தில் கழிந்த பின்னேரம் எனக்குள் எழுந்து நடக்கத் தொடங்கிவிடும்.

பாடசாலையில் இரசாயனவியல் படிப்பித்துக்கொண்டே, நாற்பத்தைந்து தாண்டி ஆய்வுப் பட்டத்துக்குப் பதிந்தவள் நான். மருதமுனைக் கைத்தறிச் சாயத்தண்ணீரை வெளுக்கவைக்கும் பலேடிய நுண்துகள்களைச் செய்வதுதான் வேலை. பொல்லாத துகள்கள் அவை. தனியே விட்டால் ஒன்றோடொன்று ஒட்டி, கறுத்த மண்டியாய் அடியில் உட்கார்ந்துவிடும். பிறகு எதற்கும் உதவாது. ஒட்டவிடாமல் காப்பது பொஸ்போனியம் உப்பு. பெயர்தான் உப்பு, வழிவது தேன் போல. ஒவ்வொரு துகளையும் சூழ்ந்து நின்று மற்றதைக் கிட்ட வரவிடாது. அன்று என்னிடம் மிஞ்சியிருந்த பலேடியம் ஒரு தடவைக்குத்தான் காணும். அதுவும் கெட்டால் என் ஆய்வு அங்கேயே நின்றுவிடும்.

நோன்பு திறக்க முன் முடித்துவிடலாம் என்றுதான் தொடங்கினேன். மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பலேடியத்தைத் துகளாக்கும் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடத் தொடங்கியதும் கரண்ட் போனது. கலக்கும் இயந்திரம் நின்றது. ஒரு கையால் குடுவையை ஆட்டினால் மறுகையால் சொட்டுவிட முடியவில்லை. நாக்கு வறண்டது. "யா அல்லாஹ்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அதைக் கேட்டுத்தான் ஒரு பெண் எட்டிப் பார்த்தார். நெற்றியில் திருநீறு, கக்கத்தில், அங்கே படிக்கும் மகள் விட்டுப்போன குடை. அதை எடுக்கவென்று பாண்டிருப்பிலிருந்து வந்தவராம்.

"என்ன தங்கச்சி, மயக்கமா?"

"இல்லக்கா. இத நிப்பாட்டாம ஆட்டோணும். நிண்டா எல்லாம் போச்சு."

"அவ்வளவுதானே? ரெண்டு புள்ளையள ஏணையில ஆட்டின கை இது. தாங்க."

கையுறையும் கண்ணாடியும் மாட்டிவிட்டேன். யன்னலில் தன் கோலத்தைப் பார்த்து, "மகள் கண்டாளெண்டா படிப்பையே விட்டிருவாள்" என்று சிரித்தார். அவர் ஆட்ட, நான் சொட்டுவிட, குடுவையின் மஞ்சள் கரைசல் மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தது. கடைசிச் சொட்டு விழவும் பள்ளிவாசலில் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. ஆனால் இன்னும் கொஞ்ச நேரம் ஆட்ட வேண்டும். நான் அசையவில்லை.

"பாங்கு கேக்குதெல்லோ? போய் நோன்பத் திறங்க."

"இது..."

"நான் இதத் தூக்கிக்கிட்டு எங்க ஓடப்போறன்? போங்க தங்கச்சி!"

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தேன், போத்தலில் கொண்டுவந்த கஞ்சியைக் குடித்தேன். திறந்த கதவுக்குள் அவர் கை சுற்றிக்கொண்டே இருந்தது, அவசரமில்லாமல், அலுக்காமல்.

திரும்பி வந்து குடுவையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். தெளிந்த கடும்பழுப்பு. அடியில் ஒரு பொட்டு மண்டி இல்லை.

"கோப்பி மாதிரிக் கிடக்கு. இதுக்கா இவ்வளவு பாடு?"

"ஓம் அக்கா, இதுக்குத்தான்."

அந்த ஆய்வு இப்போது முடிந்துவிட்டது. என் நோன்பை எனக்காகக் காத்துத் தந்த, நோன்பில்லாத அந்தப் பெண்ணுக்கு இன்றும் தொழுகைக்குப் பின் நான் கேட்கும் துஆவில் இடமிருக்கிறது, பெயர் தெரியாமலே. கேட்கத்தான் கேட்டேன், அவரை வழியனுப்ப வாசலுக்குப் போனபோது, கல்முனை பஸ் தூரத்தில் தெரிகையில். அவர் சொன்னது இதுதான்:

"பேரப் பிறகு கேளுங்க தங்கச்சி, என்ட கை இன்னும் தானாச் சுத்துது, நீங்க முதல்ல பஸ்ஸ மறிங்க!"