கோட்டுக்குள் இருந்த புறா

நான் மேஜிக் ஷோ நடத்துபவன். போன சித்திரையில் காமயகவுண்டன்பட்டியில் ஒரு காதுகுத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கைக்குட்டையிலிருந்து புறாவை வரவழைப்பதுதான் முதல் வித்தை. புறாவைத் துணியில் சுற்றிக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு மேடை ஓரத்தில் நின்றேன். தாய்மாமன் சீர் முடிகிற வழியாக இல்லை.

எனக்கு உதவிக்கு வரும் என் மனைவி, "வேக்காடு தாங்கல. புறாவை வெளிய எடுத்துருங்க" என்றாள்.

"எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காக. இப்ப எடுத்தா வித்தை போயிரும்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் புறா படபடவென்று அடித்துக்கொண்டது. கோட்டு அசைவது தெரியக் கூடாதென்று கையை இறுக்கி அழுத்திக்கொண்டேன். அடங்கிவிட்டது.

மேடையில் அதை வெளியே எடுத்தபோது தலை தொங்கியது. விரலால் சிறகை ஆட்டிக் காட்டிவிட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். கூட்டம் கைதட்டியது.

அதைக் குஞ்சிலிருந்து வளர்த்தவள் என் மனைவி. ஷோ முடிந்ததும் பெட்டியைத் திறந்து பார்த்தாள். "துடிச்சிருக்குமே, உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டாள்.

"தெரியல" என்றேன்.

அதன்பின் உயிருள்ள எதையும் நான் மேடைக்குக் கொண்டுபோவதில்லை. "எங்க வீட்டுக்காரர் எறக்கப்பட்டு விட்டுட்டாக" என்று அவள் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறாள். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.