கைக்குள் நிற்காத பந்து

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, கொல்லங்கோட்டுப் பெண்களுக்கும் கோவிந்தாபுரத்துப் பெண்களுக்கும் கூடைப்பந்தாட்டம். நான் நடுவர். காலைவரை நெல் காய்ந்த சிமெண்ட் களம்தான் மைதானம். எவ்வளவு பெருக்கியும் உமித்தூசி போகவில்லை; பந்திலும் ஒட்டிக்கொண்டது.

கடைசி நிமிடத்தில் புள்ளிகள் சமம். கோவிந்தாபுரத்துப் பெண் ஒருத்தியிடம் வந்த பந்து இரு கைகளிலும் பட்டு வழுக்கித் தரையில் துள்ளியது. அதை எடுத்துத் தட்டிக்கொண்டே ஓடிக் கூடையில் போட்டுவிட்டாள்.

"ஏனுங்க சார், புடிச்சு, கீழ போட்டு, மறுக்கா புடிச்சுத் தட்டறா! புடிச்சப்புறம் மறுக்கா தட்டுனா தப்புதானுங்களே, விசில் ஊத மாட்டீங்களா?" என்று கொல்லங்கோட்டு அணித்தலைவி பாய்ந்து வந்தாள்.

"கையில பட்டுது அம்மிணி, நிக்கல. நின்னாத்தான் புடிச்ச கணக்கு."

"ரெண்டு கையும் பட்டா நிக்காம எங்கீங்க போகும்? ஏய், பந்தப் போடு, காட்டறேன்!"

தோழி வீசிய பந்து அவளுடைய இரு கைகளிலும் பட்டு வழுக்கி, என் காலடியில் வந்து விழுந்தது. முதலில் சிரித்தது அவளுடைய அணிதான். கூடை செல்லும், இரண்டு புள்ளி என்று இரண்டு விரல் காட்டினேன். அவளும் சிரித்துவிட்டாள்.