அம்மா வராத விழாவில் அம்மா

போன ஞாயிற்றுக்கிழமை, அம்மா போகாத ஒரு விழாவில் அவரை முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டது என் லேப்டாப்.

கொஞ்ச நாளாக என் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதி வருகிறேன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த வயதில் எழுதும்படி என்ன பெரிய வாழ்க்கை? அப்பாவும் இதையேதான் கேட்டார்.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்ப்பவள். எதையும் குறிப்புகளாகத்தான் யோசிக்க வரும். அத்தியாயத்துக்கு நாலைந்து குறிப்பு போட்டு ஏஐயிடம் கொடுப்பேன். அது ஒரு வரைவு தரும்; நான் திருத்தி எழுதுவேன். பட்டமளிப்பு விழாவுக்கு நான் கொடுத்தது: கோயம்புத்தூர், பெரிய மண்டபம், கறுப்பு அங்கி, அம்மா.

வந்தது என்ன? முதல் வரிசையில் அம்மா. மெரூன் பட்டுப் புடவை. என் பெயரை வாசித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்...

அம்மா வரவே இல்லை. அதை எழுதத்தான் 'அம்மா' என்று குறித்திருந்தேன். பல வருஷமாக உள்ளே கிடக்கிற வருத்தம். ஏன் வரவில்லை என்று கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான் – "புழு வேல இருந்துச்சு." பாப்பாரப்பட்டி பக்கத்தில் எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறோம்.

இதை வாசித்துக் காட்டினால் என்ன சொல்வார்? கால் கழுவிக்கொண்டு புழு மனைக்குப் போனேன்.

"பவுடர் போட்டிருக்கியா?" புழுவுக்கு வாசனை ஆகாது.

"இல்லம்மா."

"அப்ப உள்ள வா."

நான் வாசிக்க, மல்பெரித் தழையைப் பரப்பிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பொடவ நல்லா இருக்குது."

"நீ வரலியேம்மா."

"தெரியும். இருந்துட்டுப் போவுது, கண்ணு."

"பொய்ம்மா அது."

"ஒரு நல்ல நாளுக்குக்கூடப் பெத்தவ வரலியான்னு படிக்கிறவங்க கேக்க மாட்டாங்களா? நாளைக்கி உம்புள்ள படிக்காதா?"

வெளியே தழை வெட்டிக்கொண்டிருந்த அப்பாவின் குரல் வந்தது. "பஸ் ஏறாமயே கோயம்புத்தூர் போயிட்டு வந்துட்டா உங்கம்மா. வுடு."

வருத்தம் என்னுடையது மட்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது இந்த அத்தியாயத்தை என்ன செய்வது? பொய்யை வைத்தால் என் புத்தகம் போச்சு. எடுத்தால் அம்மாவின் மரியாதை போச்சு.

"சரி, அந்த நேரத்துல நெசமா நீ எங்க இருந்த?"

"இங்கதான். புழு பழுக்க ரெண்டு நாளாவும்னு நெனச்சு பொடவ எல்லாம் எடுத்து வெச்சிருந்தேன். வெயில்ல முந்திக்கிச்சு. காலைல வந்து பாக்கறேன், பாதிப் புழு தலையத் தூக்கிக்கிட்டு நிக்குது."

பழுத்த, அதாவது கூடு கட்டத் தயாரான, புழுவைப் பொறுக்கி, சந்திரிகை என்கிற மூங்கில் தட்டியில் விட வேண்டும். அதில்தான் கூடு கட்டும். தாமதித்தால் தழைக்குள்ளேயே நூல் விட்டு மொத்தமும் வீண்.

"உங்க காலேஜ்ல விழாவப் போன்ல காட்டுனாங்கல்ல? அதத் தூண்ல சாத்தி வெச்சுக்கிட்டுத்தான் பொறுக்குனேன். எல்லாப் புள்ளைங்களும் ஒரே கறுப்பு அங்கி. உம்பேரு வர்றதுக்குள்ள டவர் போயிடுச்சு. அதுக்கு முன்னாடி வந்ததுல நாலஞ்சு உன்னாட்டமே இருந்துச்சுங்க. எதுக்கும் இருக்கட்டும்னு எல்லாத்தையும் நல்லாப் பாத்துக்கிட்டேன்."

"ஏம்மா இத இத்தன வருஷமா சொல்லல?"

"நீ ஏன் வரலன்னு கேட்ட. புழு வேலன்னு சொன்னேன்."

கேள்வி கேட்டால் ஒரு வரி. தப்பாக எழுதிக் காட்டினால் ஓர் அத்தியாயம்... ஏஐயை இப்படியும் பயன்படுத்தலாம் என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

"நீ இப்ப சொன்னத அப்படியே எழுதட்டுமா?"

தழையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"சரி, வரலன்னே எழுது. ஆனா அந்தத் தடவ நம்ம கூடுதான் தருமபுரி மார்க்கெட்ல நல்ல வெல போச்சு. அதையும் எழுதணும்."

எழுதினேன். பிழை பார்க்க ஏஐயிடம் கொடுத்தேன். விலை பற்றிய கடைசி வரி உணர்ச்சியைக் குறைக்கிறது, நீக்கிவிடலாமா என்று கேட்டது.

அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.