நான்காவது பத்தி

வருவாய்த் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். ஒரு மனுவைக் கையில் வாங்கியதுமே அது எந்த மேசையில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த மேசைகளில் ஒன்று என்னுடையதாக இருந்தது.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்தெருவில் என் வீடு. காலை நடைக்குப் போகும் வழியில், உடைந்த பீங்கான் கொட்டும் மேட்டை ஒட்டி, ஏழெட்டு நரிக்குறவர் குடும்பங்கள் இருக்கின்றன. இருக்கின்றன என்று எழுதினேனே தவிர, வருஷத்தில் பாதி நாள் அங்கே பூட்டுதான் இருக்கும். மாசி மகத்துக்கு ஊரில் இருப்பார்கள். பிறகு ஸ்ரீமுஷ்ணம் தேர். ஆடியில் மேல்மலையனூர், ஆவணியில் வேளாங்கண்ணி, கார்த்திகையில் திருவண்ணாமலை, அங்கிருந்து சபரிமலைப் பாதை. இடையில் மிஞ்சும் நாட்களில் வேப்பூர் நெடுஞ்சாலையில் பஸ் நிற்கும் சாப்பாட்டுக் கடை வாசல்கள். பாசிமணி, ஊசி, ஊக்கு, சீப்போடு தொழிற்பேட்டையில் கழித்துப்போட்ட பொம்மைகளையும் எடுத்துப் போவார்கள். காது மூளியான பிள்ளையார் இங்கே குப்பை. சபரிமலைப் பாதையில் எரிமேலியில் அதே பிள்ளையாருக்கு ஒருவன் நின்று பேரம் பேசுவான்.

அந்தக் குடும்பங்களில் ஒன்றின் மூத்த பெண் போன வருஷம் பிளஸ் டூ தேறி, நர்சிங் படிப்பில் தற்காலிகமாக ஓர் இடமும் வாங்கிவிட்டாள். பாக்கி இருந்தது ஒரே ஒரு காகிதம். பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அவர்கள் சமூகத்தைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்துக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. பட்டியலில் சேர்ப்பது டெல்லியின் வேலை. எதிரில் நிற்கும் ஆள் அந்தப் பட்டியலில் உள்ள ஆள்தான் என்று நம்புவது உள்ளூர் வேலை. இரண்டாவதுதான் கடினம். அவளுடைய விண்ணப்பம் ஏற்கெனவே இரண்டு முறை திரும்பியிருந்தது. இரண்டு முறையும் ஒரே காரணம்: விசாரணையின்போது மனுதாரர் முகவரியில் இல்லை. முதல் தடவை வேப்பூரில் இருந்தார்கள். இரண்டாம் தடவை மேல்மலையனூரில்.

திங்கட்கிழமை காலை அப்பாவைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"சார், நீங்க ஆபீஸ்ல இருந்தவங்களாமே. மனு எழுதித் தருவீங்களா?"

"யார் சொன்னது?"

"டீக்கடையில. ரொம்ப ரூல் பேசுவாரு, ஆனா எழுதிக் குடுத்துருவாருன்னாங்க."

அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு நின்றார். நான் வழக்கமான குறும்போடு, "என்ன, என்னைச் சாமின்னு கூப்பிடலையா?" என்றேன்.

"சாமின்னா பாசி விக்கும் சார்" என்றார் அவர். "மனு நவுறாது."

அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதால்தான் தேவைக்கு மேல் எழுதினேன்.

மூன்று பத்திகளில் எழுத வேண்டியது எல்லாம் முடிந்துவிட்டது. யார், எங்கே, என்ன வேண்டும். ஆனால் விசாரணைப் படிவத்தில் குலதெய்வம், வழிபாடு, சடங்கு என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. அந்தக் கட்டங்களுக்குத் தீனி போட்டுவிட்டால் விசாரிப்பவருக்கு வேலை மிச்சம், மனு நகரும் என்பது என் கணக்கு. வழிபாட்டைப் பற்றிக் கேட்டேன்.

"மூட்டை இருக்குது சார். சாமி மூட்டை" என்றார். "எங்கப்பா வச்சிருந்தது. புயலு வந்தப்ப வூட்டுக்குள்ள தண்ணி ஏறிடுச்சு. மொதல்ல அதத்தான் தூக்கிட்டு ஓடுனேன்."

"ஆமா சார்" என்றாள் மகள். "ரெண்டாவது ட்ரிப்புலதான் என்னத் தூக்குனாரு."

குலசாமியின் பொருட்களைக் கட்டி வைத்திருக்கும் அந்த மூட்டையை வீட்டு ஆண் மட்டும்தான் தொடலாம். பங்காளிகள் கூடிப் பூசை போடும் நாளில் மட்டும்தான் பிரிக்கலாம். பெண்களின் பாவாடை நுனிகூட அதில் உரசக்கூடாது. இவ்வளவையும் அவரே சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். கேட்டுவிட்டு நான்காவது பத்தியில் இப்படி எழுதினேன்: "மனுதாரர் குடும்பத்தில் பரம்பரையாக வழிபட்டு வரும் சாமி மூட்டை இன்றளவும் உள்ளது. விசாரணையின்போது அதனைக் காட்டத் தயாராக உள்ளோம்."

பெண் மனுவை வாசித்து, வரி வரியாக அப்பாவுக்குத் தங்கள் மொழியில் சொல்லிக்கொண்டே வந்தாள். நான்காவது பத்தியில் நின்றாள்.

"அப்பா காட்ட மாட்டாரு சார்."

"யாரும் கேக்கப் போறதில்லை. ஆதாரம் இருக்குன்னா, காட்டத் தயார்னு எழுதணும். வழக்கமா எழுதுற வரி."

"கேட்டா?"

"என் சர்வீஸ்ல யாரும் கேட்டதில்லை."

அவள் நம்பிவிட்டாள். அந்தக் கடைசி வரியை அப்பாவுக்குச் சொல்லாமலே விட்டாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை என்று தகவல் வந்தது. புதன்கிழமையே மற்ற குடும்பங்கள் வேளாங்கண்ணிக்குக் கிளம்பிப் போய்விட்டன. கொடியேற்றத்துக்கு முன்னால் போனால்தான் கடற்கரைப் பாதையில் உட்கார இடம் கிடைக்கும். இவர்கள் மட்டும் தங்கினார்கள். பங்காளிகள் போனில் திட்டியதை அவர் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார். "பொண்ணு நர்சாகி எனக்கா ஊசி போடப்போவுதுன்னு கேக்கறாங்க சார். ஆமா, போடட்டும், நாம எத்தினி பேருக்கு ஊசி வித்துருக்கோம்னேன்."

நான் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவன் போல, பதினொன்றுக்கு அங்கே நின்றேன். விசாரணைக்கு வந்தவர் இளைஞர். மரியாதையாகப் பேசினார், கையில் டேப்லெட். அவர் மீது ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்த வயதில் நான் அவரைவிட மோசமாக இருந்தேன்.

"நிரந்தரமா எங்க தங்குறீங்க?"

"வருஷா வருஷம் அதே எடங்கதான் சார். எங்கப்பா காலத்துலேருந்து ஒரு எடமும் மாறல."

இளைஞர் யோசித்துவிட்டு எதையோ தட்டினார். கல்யாணம், சாவு, மொழி எல்லாம் கேட்டார். பெண் இடையிடையே விளக்கினாள். இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும் போல இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்போதுதான் அவர் மனுவைத் திருப்பினார்.

"சாமி மூட்டை எங்க இருக்கு? பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

அப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. போகவும் இல்லை, இருக்கவும் இல்லை.

"அது காட்டக் கூடாது சார்."

"காட்டத் தயார்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

அப்பா மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். நான் பீங்கான் மேட்டைப் பார்த்தேன்.

"பூசை தை மாசம் சார்" என்றார் அப்பா. "அன்னிக்கு வாங்க. ஒங்களுக்கும் சோறு போடறேன்."

"நாளைக்குக் கடைசி நாள்னு உங்க பொண்ணு சொல்லுது."

இளைஞர் குனிந்து வீட்டுக்குள் நுழைந்தார்; அப்பாவும் பின்னாலேயே போனார். அரசாங்கம் கட்டிக் கொடுத்த ஒற்றை அறை. மூலையில் மரப்பலகை மேல், பழைய துணி போர்த்திய மூட்டை. "பிரிக்க வேணாம். மேல்துணியை மட்டும் விலக்குங்க" என்றார். அவர் தன்னால் முடிந்தவரை இறங்கி வந்துதான் பேசினார். அப்பா அசையவில்லை. "சரி, நானே மெதுவா…" என்று இளைஞரே கையை நீட்டினார்.

அப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

இறுக்கிப் பிடித்ததில் இளைஞரின் விரல்கள் விரிந்து நின்றன. துணிக்கும் விரலுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. பணியில் இருக்கும் அரசு ஊழியர் மீது கை வைத்தால் என்ன பிரிவு, எந்த நிலையத்தில் புகார், யார் சாட்சி என்று எனக்கு அந்த நிமிஷமே மனத்துக்குள் வரிசையாக ஓடியது. சாட்சி நான்தான். வாசலில் நின்ற அந்தப் பெண்ணின் அம்மா வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டாள்.

பெண் உள்ளே போகவில்லை. வாசற்படியில் நின்றபடியே, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "சார், நீங்க கைய எடுத்துருங்க சார். நீங்க எடுத்தாத்தான் அவரு விடுவாரு."

இளைஞர் அப்பாவின் கண்களைப் பார்த்தார். பிறகு கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிடி தானாகத் தளர்ந்தது. அப்பா பின்னால் நகர்ந்து மூட்டைக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

இளைஞர் வெளியே வந்து, பைக் மேல் டேப்லெட்டை வைத்துத் தட்டத் தொடங்கினார். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் கோப்பைத் தலைகீழாகப் படிப்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் கைவந்த வித்தை. படித்தேன். "காட்ட மறுத்துவிட்டார்."

இதே வார்த்தைகளை நான் எத்தனை கோப்புகளில் எழுதியிருப்பேன். அதற்கு அடுத்து ஒரே ஒரு வாக்கியம்தான் வரும். எனவே மனு நிராகரிக்கப்படுகிறது.

"தம்பி" என்றேன். "அந்த நான்காவது பத்தி நான் எழுதினது. அவரைக் கேக்காம எழுதிட்டேன். நான் இதே துறையில…"

"மனுவில உங்க பேரு இல்லையே சார்" என்றார் அவர். கேலியாக இல்லை. நடைமுறைப்படி சரியான பதில். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பெண் கிட்டே வந்தாள். அழவில்லை. கோபம் அவள் மூக்கு நுனியில் சிவந்து நின்றது. அந்தக் கோபத்தில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது, பெரிய பங்கு.

"எங்கப்பா பொய்யான ஆளா இருந்தா, ஒரு பழைய பொடவையச் சுருட்டிக் கட்டி வச்சி, பாத்துக்குங்க சார்னு காட்டியிருக்க மாட்டாரா? அதையும் சேத்து எழுதிக்குங்க சார்."

இளைஞர் திரையை என் பக்கமிருந்து திருப்பி வைத்துக்கொண்டு, ஏதோ எழுதினார். போய்விட்டார்.

அன்று மாலை பெண் என் வீட்டுக்கு வரவில்லை. நான் போனேன். வீட்டு வாசலில் ஊக்குகளை அட்டையில் கோத்துக்கொண்டிருந்தவள், நிமிராமல், "யாரும் கேக்க மாட்டாங்கன்னு சொன்னீங்க" என்றாள். உத்தியோகத்தில் இருந்தபோது பதில் தெரியாவிட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்போம். இங்கே அது செல்லாது.

வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் இ-சேவை மையத்து பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். கணினிக்காரர் அரைமணிக்கு ஒருமுறை விண்ணப்ப எண்ணைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். இரண்டு மணி. மூன்று மணி. மூன்றரைக்கு மின்சாரம் போய், வந்தது. நான்கு மணிக்கு அப்பாவின் போன் அடித்தது. விசாரித்தவருக்கு மேலே இருக்கும் அதிகாரி. பெண் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு அப்பா முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அறிக்கையைப் படிச்சேன். ஏன் காட்டலை?"

"அது காட்டறதுக்கு இல்ல சார். வச்சிருக்கறதுக்கு."

"பொண்ணோட சீட்டு போயிட்டா?"

அப்பா மகளைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போச்சுன்னா அவ என்னத் திட்டுவா சார். சாவற வரைக்கும் திட்டுவா. வாங்கிக்கறேன். அதத் தொறந்து காட்டிட்டா அப்புறம் நான் எங்க போயி நிக்கறது?"

எதிர்முனையில் காகிதம் புரளும் சத்தம். "சரி" என்றது குரல். எதற்குச் சரி என்று சொல்லாமல் போன் அடங்கியது.

அந்த 'சரி'க்கு என் அனுபவத்தில் ஆறேழு பொருள் தெரியும். ஒன்றையும் அவர்களிடம் சொல்லவில்லை. அப்பா தன் உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நாலு இருபது. நாலு முப்பது. கணினிக்காரர் இன்னொரு முறை தட்டிவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்தார். "வந்துடுச்சும்மா. கையெழுத்தாயிடுச்சு."

ஏற்றும்போது இணையம் இரண்டு முறை சுற்றிக்கொண்டே நின்றது. பெண்ணின் விரல் மேசை விளிம்பை விடவில்லை. நாலு ஐம்பத்தொன்றுக்கு 'பெறப்பட்டது' என்று பச்சை எழுத்தில் விழுந்தது. அவள் அச்சடித்த தாளை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதல் காரியமாக அப்பாவைத் திட்டினாள். அவர்கள் மொழியில், மூச்சு விடாமல். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. அவர் தலையை ஆட்டி ஆட்டி, மொத்தமும் வாங்கிக்கொண்டார்.

பேருந்து நிலையத்துக்குச் சேர்ந்தே நடந்தோம். அன்றே வேளாங்கண்ணிக்குக் கிளம்பினால் கடைசி வரிசையிலாவது இடம் கிடைக்கும் என்றார் அப்பா. பொம்மைக் கூடையோடு அவர் மனைவி அங்கே காத்திருந்தாள்.

"அந்தப் படிப்பு எத்தினி வருஷம் சார்?"

"நாலு."

"நாலு வருஷமும் ஒரே எடத்துலயா?" முதல்முறையாக அவர் குரலில் பயம் இருந்தது. அந்த இளைஞரின் கையைப் பிடித்தபோதுகூட அது இல்லை.

"லீவு விடுவாங்க" என்றேன்.

"மாசி மகத்துக்கு விடுவாங்களா?" என்று பெண் கேட்டாள். கேட்டது அப்பாவுக்காக என்று தெரிந்தது.

"பொது விடுமுறை கிடையாது. ஆனா முன்கூட்டியே முறைப்படி ஒரு விடுப்பு விண்ணப்பம் குடுத்தா, காரணத்தைக் கொஞ்சம் விளக்கமா எழுதி…"

"வேணாம் சார்" என்றாள் அவள். "நானே எழுதிக்கறேன்."