வேலைநீக்கச் சுற்று

போன மாதம் ஒரு கல்லூரியில் மேலாண்மை மாணவர்களின் போட்டிக்கு நடுவராக அழைத்திருந்தார்கள். தொழிற்சாலை ஒன்றில் மனிதவளப் பிரிவில் இருப்பவனுக்கு இப்படி அவ்வப்போது அழைப்பு வரும். வாசலில் ஒரு பெண் என் சட்டையில் ரிப்பன் பேட்ஜ் குத்தினாள். நடுவில் ஒட்டிய அட்டையில் பசை இன்னும் காயவில்லை. அந்த வாடை மூக்கில் ஏறியதும் நிஜாம் நினைவு வந்துவிட்டது.

பசை என்றால் எங்களுக்கு வெள்ளிக்கிழமை. தொண்ணூறுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் பி.பி.ஏ. படித்தோம். வெள்ளி மதியம் மேலாண்மை மன்றம் கூடும். ஆங்கிலப் பத்திரிகையின் வணிகப் பக்கத்தை வெட்டிச் சார்ட்டில் ஒட்டுவது, குழு விவாதம், மாதிரி நேர்முகம், எப்போதாவது ஓர் ஆலையைப் பார்க்கப் போவது. வகுப்பு எல்லாருக்கும் பொது. இந்தக் கூடுதல் சமாசாரமெல்லாம் டவுன் பையன்களுக்குத்தான். மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்கிறவன் எங்கே மன்றத்தில் உட்காருவது? ஆனாலும் நான் உட்கார்ந்தேன். சாலவாக்கம் பக்கத்துக் கிராமம், எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஒன்றைத் தவறவிட்டாலும் பிழைப்பே போய்விடும் என்று பயம். பேச்சுப் பயிற்சி வகுப்பில் 'குட் ஆஃப்டர்நூன்' என்பதைக்கூட நோட்டில் எழுதிக்கொண்டவன் நான்.

பஸ்ஸில் வருகிறவர்களில் என்கூட இருந்தவன் நிஜாம் மட்டும். ஜும்மா தொழுகை முடித்து ஓடி வருவான். உத்திரமேரூர் கடைவீதியில் அவன் அத்தாவுக்குச் செருப்புக் கடை. நான் அங்கேதான் பஸ் மாற வேண்டும். ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பான். அவன் அத்தா, எங்களுக்கெல்லாம் பாய், அவனைப் படிக்க அனுப்பியதே ஒரு நிபந்தனையின் பேரில். அதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவான்.

"படிப்பால கடைக்கு ஒரு பேஜார் வந்திச்சின்னு வெச்சிக்க, அன்னிக்கே புஸ்தகத்த ஏறக்கட்டிட்டு கடையில வந்து குந்திடணும்."

சிரித்துக்கொண்டுதான் சொல்வான். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் திரும்பும்போது, மாகறல் தாண்டியதும் தாமதத்துக்கு அத்தாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கியிருப்பான்.

இரண்டாம் வருடம் சென்னைக் கல்லூரி ஒன்றில் 'சிறந்த மேலாளர்' போட்டி. எங்கள் கல்லூரியிலிருந்து நாங்கள் இரண்டு பேர். அழைப்பில் ஷூ கட்டாயம் என்று போட்டிருந்தது. என்னிடம் இருந்தது ரப்பர் செருப்பு.

"ஷூவுக்கு நான் எங்கடா போறது? நீ மட்டும் போயிட்டு வா," என்று புலம்பினேன்.

அவன் என் காலை ஒரு பார்வை பார்த்தான். "எட்டாம் நம்பரு. கம்முனு கெட."

போட்டியன்று செய்தித்தாளில் சுற்றிய புது கறுப்பு ஜோடி ஒன்றைப் பஸ்ஸில் என் மடியில் வைத்தான். பாய்க்குத் தெரியாது. "அடி தேயாம நடக்கணும். திங்கக்கெயம இது பொட்டிக்குள்ள போயாவணும்."

அரங்கத்துப் படிவரைக்கும் ரப்பர் செருப்பில் போய், அங்கே மாற்றிக்கொண்டேன். பிறகு கண்ணாடித் துண்டுகளின்மேல் போகிறவன் மாதிரி அடி வைத்தேன்.

"மாப்ள கணக்கா நடந்துக்கினு கீற. பொண்ணு எங்கடா?" என்றான் நிஜாம்.

கடைசிச் சுற்றுக்கு வேலைநீக்கச் சுற்று என்று பெயர். சீட்டுக் குலுக்கி இரண்டிரண்டு பேராகப் பிரிப்பார்கள். ஒருவன் மேலாளர், மற்றவன் ஊழியன். மேலாளர் அவனை வேலையை விட்டு அனுப்ப வேண்டும். ஊழியன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம். காரணத்தை நாமே கற்பித்துக்கொள்ளலாம். என் பெயரும் அவன் பெயரும் சேர்ந்து வந்தன. நான் மேலாளர். அவன் ஒரு கடையின் விற்பனையாள்.

நிஜாமுக்கு அது நடிப்பே இல்லை. வாடிக்கைக்காரர் எப்படிப் பேசுவார், மழைநாளில் எது விற்காது என்று அவன் அடுக்க அடுக்க அரங்கம் கைதட்டிச் சிரித்தது. நான் தயாரித்து வைத்திருந்த ஆங்கில வாக்கியங்கள் ஒன்றுக்கும் உதவவில்லை. தோற்கப்போகிறேன் என்று தெரிந்துவிட்டது. அப்போதுதான் என் வாய் திறந்தது.

"ஸ்டாக்கிலிருந்து ஒரு ஜோடி கறுப்பு ஷூவை முதலாளிக்குத் தெரியாமல் எடுத்து உங்கள் சிநேகிதனுக்குக் கொடுத்தீர்களா, இல்லையா?"

நிஜாம் என் கால்களைப் பார்த்தான். பார்வையை எடுப்பதற்குள் மணி அடித்தது. முதல் பரிசு எனக்கு.

திரும்பும் பஸ்ஸில் அவன் சண்டை போடவில்லை. "நான் மேனேஜரா இருந்தாலும் தூக்கித்தான் இருப்பேன்டா," என்றான். அதை நம்பி நான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தேன்.

எங்களுடன் வந்த பேராசிரியர் அடுத்த வாரம் அந்தக் கடையில் செருப்பு வாங்கப் போயிருக்கிறார். பாய் சந்தோஷப்படட்டும் என்று, மேடையில் உங்கள் மகன் சிநேகிதனுக்குக் கடை ஷூவை எடுத்துக் கொடுத்து அகப்பட்ட காட்சியில் அரங்கமே அதிர்ந்தது என்று சொல்லியிருக்கிறார். பாய் ஷூ பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். அடியை என்னதான் துடைத்தாலும், விரல் மடங்கும் இடத்தில் விழுந்த சுருக்கம் போகாது. அவர் கண்ணுக்கு அது போதும்.

இரண்டு நாள் நிஜாம் பஸ்ஸில் இல்லை. மூன்றாம் நாள் கடைக்குப் போனேன். அவன் உள்ளே பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"வா தம்பி," என்றார் பாய். குரலில் கோபமே இல்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஷூ வோணும்னு நீ கேட்டியா, இவனா எட்த்தாந்து குட்த்தானா?"

நிஜாம் அடுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

நான் கேட்டேன் என்று சொல்லியிருந்தால் அவன் தப்பித்திருப்பான். பாய் என்னை நாலு வார்த்தை வைதிருப்பார், கல்லூரிக்குப் போய்ச் சொல்லியிருப்பார், பரிசுச் சான்றிதழைப் பிடுங்கியிருப்பார்கள். அப்படித்தான் பயந்தேன். இன்று நினைத்தால் அதில் ஒன்றுகூட நடந்திருக்காது என்று தோன்றுகிறது.

"அவனாத்தான் எட்த்தாந்தான் பாய்," என்றேன்.

ஒரு சொல்கூடப் பொய் இல்லை, பாருங்கள்.

"செரி. நீ போய்ப் படி," என்றார். நிஜாம் அடுத்த பெட்டியை எடுத்தான்.

அதன்பின் அவன் கல்லூரிக்கு வரவில்லை. படிப்பு முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. நான் கடைவீதிப் பக்கம் திரும்பாமல் பஸ் நிலையத்தின் மறுபக்கமாகவே போய் வந்து, படித்து முடித்தேன். முதல் வேலைக்கான நேர்முகத்தில் அந்தச் சான்றிதழைப் பற்றித்தான் அதிக நேரம் விசாரித்தார்கள். இப்போது என் வேலையில் நிஜமாகவே சிலரை அழைத்து உட்காரவைத்து அந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். நன்றாகச் செய்கிறேன் என்று மேலே பெயர்.

நடுவராகப் போய் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூர் போனேன். கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். பக்கத்துப் பழக்கடைக்காரரை விசாரித்தேன்.

"பாய் மவுத்தாயி வருசமாச்சி. கடைய வித்துட்டு ஆம்பூர் பக்கம் பூட்டாங்க. நீங்க இன்னா வேணும் அவங்களுக்கு?"

"நிஜாம்கூடக் காலேஜ்ல படிச்சவன்."

அவர் தராசைக் கீழே வைத்தார். "நிஜாமா? அவன் எங்க காலேஜுக்குப் போனான்? எப்பப் பாத்தாலும் கடையிலதான குந்திக்கினு இருந்தான். நீங்க வேற யாரையோ சொல்றீங்க."

"இல்லீங்க, படிச்சான். என்னைவிட நல்லாப் படிச்சான்," என்றேன்.

"இருக்கும் சார்," என்று சொல்லிவிட்டு, கொய்யா கேட்டு நின்ற அம்மாவிடம் திரும்பிக்கொண்டார்.