சைக்கிள் பாதையின் அகலம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சைக்கிள் பாதை வரப்போகிறதாம். இன்று காலை ஒரு இன்ஜினியர் ரோட்டோரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, சைக்கிள்காரர்களிடம் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஹெல்மெட், கூலிங்கிளாஸ் சகிதம் போயிருந்த நான், "ரோடு வழவழன்னு இருக்கணும் சார்" என்றேன்.

அப்போது மில் ஷிப்டுக்குப் போகும் மூன்று அக்காக்கள் சைக்கிளை நிறுத்தினார்கள்.

"என்ன சார், இம்புட்டு ஒடுக்கமா இருக்கு?" என்றார் மாரியம்மாள் அக்கா.

"ஒருத்தர் பின்னால ஒருத்தர் தாராளமா போகலாம்மா."

"அப்படிப் போனா நாங்க எப்படிப் பேசுறது? மில்லுல மிஷின் சத்தம். வீட்டுக்குப் போனா அடுப்பு வேலை. வாய் திறக்க எங்களுக்கு இந்த ரோட்ட விட்டா வேற எடம் ஏது?"

இன்ஜினியர் மூவரையும் சேர்ந்து ஓட்டிக் காட்டச் சொன்னார். பழைய கோட்டைச் செருப்பால் அழித்துவிட்டு, அவர்கள் அகலத்துக்குப் புதுக் கோடு போட்டார். எல்லோரும் கைதட்டினோம்.

கிளம்பும்போது மாரியம்மாள் அக்கா திரும்பினார்.

"சார், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. எங்க செல்வி இன்னைக்கு லீவு."

செல்வி அக்காவைத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ரொம்பப் பேசுவாரோ?